மிட்பாயிண்ட் மென்பொருளின் தரவுக் காட்சிகள்: திரையில் தெரிவது எந்த நேரத்து நிலை?

அடையாள மேலாண்மை மென்பொருள் வாங்கப் புறப்படும் நிறுவனங்கள் பெரும்பாலும் அது எத்தனை அமைப்புகளோடு இணையும், கடவுச்சொல்லைப் பயனரே மாற்றிக்கொள்ளலாமா, ஒப்புதலுக்கு எத்தனை படிகள் வைக்கலாம் என்றே விசாரிக்கின்றன. அவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் மென்பொருளை நிறுவி ஓரளவு நாளான பிறகு, தணிக்கையாளர் வந்து உட்கார்ந்து, “சென்ற மாதம் வேலையை விட்டுப் போனவரின் கணக்குகளில் எது எது இன்னும் திறந்திருக்கிறது?” என்று கேட்கும்போது, பதில் நிர்வாகியின் திரையில் தெரியும் காட்சியிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்தக் காட்சி எங்கிருந்து திரட்டப்பட்டது, எந்த நேரத்து நிலையைக் காட்டுகிறது, பார்ப்பவரிடமிருந்து எதை மறைத்திருக்கிறது என்பது தெரியாமல் அதை நம்பிக் கையெழுத்திடுவது ஆபத்தானது. ஆகவே மிட்பாயிண்ட்டின் மற்ற வசதிகளை ஒதுக்கிவைத்து, அது தரவைத் திரட்டிக் காட்டும் முறையை மட்டும் இந்த மதிப்புரையில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வன பெரும்பாலும் 2023இல் வெளிவந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 4.8ஐ வைத்துச் சொல்லப்படுபவை.

மிட்பாயிண்ட் ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில் உள்ள எவால்வியம் நிறுவனம் உருவாக்கும் திறந்த மூல மென்பொருள். ஜாவாவில் எழுதப்பட்டது. ஊழியர் பட்டியல், பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி, எல்டாப் போன்ற அடைவுகள், தரவுத்தளங்கள் ஆகியவற்றை இணைத்து, யாருக்கு எந்தக் கணக்கு, எந்த உரிமை என்பதை ஓரிடத்திலிருந்து ஆள்வது இதன் வேலை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக இன்காமன் அமைப்பு தொகுத்துள்ள மென்பொருள் வரிசையிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

இதன் காட்சிகளைச் சரியாக எடைபோட, இதற்கு முந்தைய தலைமுறையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் வேவ்செட் என்ற நிறுவனம் இருந்தது. 2003இன் இறுதியில் அதைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அதன் மென்பொருள் சன் ஐடென்டிட்டி மேனேஜர் என்ற பெயரில் பல நாடுகளில் ஓடியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் கையகப்படுத்தியபோது, ஆரக்கிளிடம் ஏற்கெனவே இதே வேலையைச் செய்யும் மென்பொருள் இருந்ததால், சன்னுடையது ஆரக்கிள் வேவ்செட் எனப் பெயர் மாற்றப்பட்டுப் படிப்படியாக ஓரங்கட்டப்பட்டது. ஆயினும் அதன் கருத்துகள் மறையவில்லை. சன் திறந்த மூலமாக வெளியிட்ட கனெக்டர் சட்டகத்தின் வழிவந்த கான்ஐடிதான் இன்றும் மிட்பாயிண்ட்டை வெளி அமைப்புகளோடு இணைக்கிறது.

சன் மென்பொருளில் ‘வியூ’ என்பது நடுநாயகமான கருத்து. ஒரு பயனரைத் திருத்தப் போனால், அவரைப் பற்றி உள்ளே சேமித்திருப்பதையும், அவருக்குக் கணக்குள்ள ஒவ்வொரு வெளி அமைப்பிலிருந்தும் எடுத்துவந்த பண்புகளையும் ஒன்றாகக் கோத்து, தற்காலிகமான ஒரே பொருளாக நினைவகத்தில் உருவாக்கும். திரையில் தெரியும் படிவம் தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசாது. இந்தத் தற்காலிகப் பொருளோடு மட்டுமே பேசும். அதற்குள் சில பெரும் பிரிவுகள் இருக்கும்: ‘வேவ்செட்’ என்ற பிரிவில் ரோல்களும் (பொறுப்புக்கேற்ற உரிமைத் தொகுப்புகள்) நிறுவனப் பிரிவும், ‘அக்கவுண்ட்ஸ்’ பிரிவில் ஒவ்வொரு அமைப்பின் கணக்குப் பண்புகளும், ‘குளோபல்’ பிரிவில் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாகப் பாய வேண்டிய மதிப்புகளும் அமைந்திருக்கும். மென்பொருளின் சொந்தத் தரவுக்களஞ்சியத்தையே ‘லைட்ஹவுஸ்’ என்ற பெயரில் இன்னொரு கணக்குபோல நடத்தியது அந்த வடிவமைப்பின் அழகு. அடிப்படைச் செயல்கள் ஐந்துதான்: புதிதாக உருவாக்குவது, திருத்துவதற்காக எடுப்பது, திருத்தியதைத் திருப்பி ஒப்படைப்பது, இடையில் புதுப்பிப்பது, வெறுமனே படிப்பது. திருத்த எடுத்தவுடன் அந்தப் பயனர்மீது பூட்டு விழும். ஒப்படைத்தவுடன் வொர்க்ஃப்ளோ எனப்படும் பணித்தொடர் ஒன்று கிளம்பி, மாற்றங்களை வெளி அமைப்புகளுக்குக் கொண்டுசெல்லும்.

இந்த முறையின் பலம் எளிமை. படிவம் எழுதுபவருக்கு ஆக்டிவ் டைரக்டரி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டியதில்லை. வியூவில் பண்பின் பாதையைக் குறிப்பிட்டால் போதும். பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. ஒருவருக்குப் பல அமைப்புகளில் கணக்கு இருந்தால், அவரது தொலைபேசி எண்ணைத் திருத்துவதற்குக்கூட அத்தனை அமைப்புகளையும் தட்டியெழுப்ப வேண்டியிருக்கும். எந்தெந்த அமைப்பிலிருந்து மட்டும் எடுத்தால் போதும் என்று கட்டுப்படுத்த வழி இருந்தது. ஆனால் அதைப் படிவம் எழுதுபவர் நினைவில் வைத்துச் செய்தாக வேண்டும். தவிர, எல்லாம் ஒரே பொருளாகக் கோக்கப்பட்ட பிறகு, இந்த மின்னஞ்சல் முகவரி சற்றுமுன் நேரடியாக எடுக்கப்பட்டதா, உள்ளே பழையதாகக் கிடந்ததா என்பதைப் படிவத்தைப் பார்ப்பவர் கண்டுபிடிக்க இயலாது.

மிட்பாயிண்ட் இந்த இடத்தில் எடுத்த முடிவைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். அது தரவை மூன்று தளங்களாகப் பிரித்து வைக்கிறது; அந்தப் பிரிவினையைத் திரையிலும் மறைப்பதில்லை. பயனர் என்பது மிட்பாயிண்ட்டின் சொந்தத் தரவு. வெளி அமைப்பில் இருக்கும் கணக்கு அந்த அமைப்பின் தரவு. இரண்டுக்கும் நடுவில் ‘ஷேடோ’ என்ற ஒன்று மிட்பாயிண்ட்டின் களஞ்சியத்தில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் அந்தக் கணக்கின் அடையாளக் குறிகளும் சில துணைக் குறிப்புகளும் மட்டுமே ஷேடோவில் இருக்கும். மற்றப் பண்புகள் தேவைப்படும்போது வெளி அமைப்பிலிருந்து நேரடியாக எடுக்கப்படும். கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் நெல் என்று எழுதியிருந்தாலும், வயலில் இன்று என்ன நிற்கிறது என்பது வரப்பில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். ஷேடோ அடங்கலைப் போன்றது, கணக்கு வயலைப் போன்றது, எதைப் பார்க்கிறோம் என்பதை மிட்பாயிண்ட் சொல்லிவிடுகிறது.

இதைச் சோதனைச் சூழலில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். எல்டாப் சர்வரை நிறுத்திவிட்டு, அதில் கணக்குள்ள ஒரு பயனரைத் திறந்தால், அவருடைய பெயர், மின்னஞ்சல், ரோல்கள் எல்லாம் வழக்கம்போல் வந்துவிடும். அவை களஞ்சியத்தில் இருப்பவை. அவரது கணக்குகள் பட்டியலிடப்படும் தாளிலும் அந்த எல்டாப் கணக்கின் வரிசை இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்தால்தான் விஷயம் வெளிப்படும்: அமைப்போடு தொடர்புகொள்ள இயலவில்லை என்ற எச்சரிக்கையோடு, அடையாளக் குறிகள் மட்டும் தெரியும், துறை, பதவி, குழு உறுப்பினர் விவரங்கள் வராது. பழைய மதிப்பைப் புதியதுபோல் காட்டி நம்மை ஏமாற்றாமல், தெரியாததைத் தெரியாது என்று திரை ஒப்புக்கொள்வது அடையாள மேலாண்மையில் மிகப்பெரிய நற்பண்பு. ஓர் அமைப்பின் பக்கத்தில் கணக்குகளைப் பட்டியலிடும்போதும், களஞ்சியத்தில் தேடுவதா, வெளி அமைப்பிலேயே தேடுவதா என்ற தேர்வு நம் கையில் கொடுக்கப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து இயக்கி, எண்ணிக்கை வேறுபடுகிறதா என்று பார்ப்பது, ஒத்திசைவு பிழையாகியிருப்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி.

4.9 பதிப்பிலிருந்து கணக்கின் பண்புகளையும் களஞ்சியத்தில் சேமித்துவைத்துக்கொள்ளும் வசதி விரிவாக்கப்பட்டிருக்கிறது. வெளி அமைப்பைத் தொடாமலேயே ‘இந்தக் குழுவில் இருக்கும் கணக்குகள் எவை’ என்று தேடலாம் என்பதால் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இதைச் செயல்படுத்துவோர், அந்தப் பண்புகள் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டன என்ற நேரக்குறிப்பையும் தவறாமல் பார்க்கப் பழக வேண்டும். அந்த நேரம் ஷேடோவில் பதிவாகிறது. பதிவானதைப் பார்க்காமல் விட்டால், சன் காலத்துக் குழப்பம் வேறு வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும்.

அடுத்தது திருத்தம். சன் முறையில் எடுத்தல், பூட்டுதல், ஒப்படைத்தல் என்ற வரிசை இருந்ததைச் சொன்னேன். மிட்பாயிண்ட் முழுப் பொருளையும் திருப்பி எழுதுவதில்லை. ‘டெல்டா’ எனப்படும் மாற்றத்தை மட்டும் அனுப்புகிறது. ஒரு நிர்வாகி ஒருவருக்குக் ‘கொள்முதல்’ ரோலைச் சேர்க்கிறார் என்றும், அதே வேளையில் இன்னொருவர் அதே பயனரிடமிருந்து ‘கிடங்கு’ ரோலை நீக்குகிறார் என்றும் கொள்வோம். முழு நிலையையும் எழுதும் மென்பொருளில், பின்னால் சேமித்தவரின் நிலை முன்னவரின் மாற்றத்தை விழுங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் பூட்டு தேவைப்பட்டது. மிட்பாயிண்ட்டில் ஒன்றைச் சேர், ஒன்றை நீக்கு என்ற இரண்டு சிறு மாற்றங்களாக அவை போய்ச் சேர்வதால், பூட்டே இல்லாமல் இரண்டும் நிற்கின்றன. ஒப்புதலுக்குப் போகும் கோரிக்கைகளுக்கும் இதே முறைதான். ஒப்புதல் தரவேண்டியவர் விடுப்பில் இருந்து ஒரு வாரம் கழித்து வந்து ஒப்புதல் அளித்தாலும், கோரப்பட்ட மாற்றம் மட்டுமே அன்றைய நிலையின்மீது ஏறும். இடையில் வந்த வேறு திருத்தங்கள் அடிபட்டுப் போகா.

சேமிப்பதற்கு முன் ‘மாற்றங்களை முன்கூட்டிப் பார்’ என்ற பொத்தானை அழுத்தினால், இந்த ஒரு ரோலைச் சேர்ப்பதால் எந்தெந்த அமைப்பில் கணக்கு உருவாகும், எந்தப் பண்பு மாறும் என்பதை எதையும் எழுதாமலேயே கணக்கிட்டுக் காட்டுகிறது. இனி நடக்கவிருப்பதைக் காட்டும் காட்சி இது. புதிதாக நிர்வாகியாக வருபவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தப் பொத்தானைத்தான். ரோலுக்குள் ரோல் என்று அடுக்கடுக்காக அமைந்திருக்கும் நிறுவனங்களில், ஒரு சொடுக்கின் விளைவு எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஆவணங்கள் விளக்குவதைவிட இந்தத் திரை தெளிவாக விளக்குகிறது.

பட்டியல் காட்சிகளுக்கு வருவோம். மிட்பாயிண்ட்டில் ‘ஆப்ஜெக்ட் கலெக்‌ஷன்’ என்ற பெயரில் ஒரு வடிகட்டியை வரையறுத்து வைக்கலாம்: ஒப்பந்த ஊழியர்கள், பொறுப்பாளர் இல்லாத ரோல்கள், எந்தப் பயனரோடும் இணையாத கணக்குகள் என்றெல்லாம். அதன்மீது, எந்தெந்த நெடுவரிசைகள் தெரிய வேண்டும், தேடல் பெட்டியில் எவை இருக்க வேண்டும், எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதை ஒரு காட்சியாக வரையறுத்தால், அது இடப்பக்கப் பட்டியில் தனி இணைப்பாக வந்து அமர்ந்துவிடுகிறது. ஆர்க்கிடைப் எனப்படும் வகைப்பாட்டை வைத்திருந்தால், ஊழியர், மாணவர், வெளியாள் என ஒவ்வொரு வகைக்கும் காட்சியை இன்னும் எளிதாக அமைக்கலாம். இதில் நான் மிகவும் பாராட்டுவது, ஒருமுறை வரையறுத்த அதே தொகுப்பைப் பட்டியலுக்கும், டாஷ்போர்டில் தெரியும் எண்ணிக்கைக்கும், தணிக்கைக்குக் கொடுக்கும் சிஎஸ்வி அறிக்கைக்கும் பயன்படுத்த முடிவதை. திரையில் ஓர் எண், அறிக்கையில் வேறோர் எண், இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள் என்ற அவலத்தை எத்தனையோ அலுவலகங்களில் பார்க்கிறோம். மூன்றுக்கும் மூலம் ஒன்றே என்றால் அந்தச் சிக்கல் எழவே இடமில்லை.

ஆனால் வடிகட்டியை எழுதுபவருக்குத் தரவின் உட்பொருள் தெரிந்திருக்க வேண்டும். இங்கே மிட்பாயிண்ட் புதியவர்களைக் கைபிடித்து அழைத்துச்செல்வதில்லை. இரண்டு இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தணிக்கையில் தவறான பதில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டினாலேயே.

முதலாவது, செயலிழந்த பயனர்களின் பட்டியல். ஒரு பயனருக்கு ‘நிர்வாக நிலை’ என்று ஒரு பண்பு இருக்கிறது. நிர்வாகி கையால் முடக்கினால் அது மாறும். இதைத் தவிர, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்ற இரண்டு பண்புகளும், பணிக்காலச் சுழற்சியைக் குறிக்கும் ஒரு பண்பும் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு மென்பொருளே எழுதிவைப்பது ‘நடைமுறை நிலை’. ஒப்பந்தம் முடிந்து, முடிவுத் தேதி கடந்துவிட்ட ஒருவரின் நிர்வாக நிலை வெறுமையாகவோ செயலில் உள்ளதாகவோதான் இருக்கும். அவரை யாரும் கையால் முடக்கவில்லை. ஆகவே நிர்வாக நிலையை வைத்து வடிகட்டினால் அவர் பட்டியலில் வரமாட்டார். நடைமுறை நிலையை வைத்து வடிகட்டினால் வருவார். அந்த நடைமுறை நிலையும் தேதி மாறிய நொடியிலேயே தானாக மாறிவிடுவதில்லை. செல்லுபடிக் காலத்தைச் சோதிக்கும் பின்னணிப் பணி ஒன்று குறித்த இடைவெளியில் ஓடி அதை மாற்றுகிறது. அந்தப் பணியை யாரோ நிறுத்திவைத்திருந்தால், திரையில் தெரியும் நிலை நேற்றையதாகவே நிற்கும். டாஷ்போர்டில் முதலில் வைக்க வேண்டியது இந்தப் பணி ஓடிக்கொண்டிருக்கிறதா என்ற குறியீட்டைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது, ஒரு ரோல் யார் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. நேரடியாக ஒதுக்கப்பட்டவை பயனரின் ‘அசைன்மென்ட்’ பகுதியில் இருக்கும். ஆனால் ‘கிளை மேலாளர்’ என்ற ரோலுக்குள் ‘பணப் பரிமாற்ற ஒப்புதல்’ என்ற ரோல் அடங்கியிருந்தால், கிளை மேலாளர்கள் அனைவருக்கும் பின்னதும் கிடைத்துவிடும். அசைன்மென்ட் பகுதியில் மட்டும் தேடினால் அவர்களில் ஒருவர்கூடத் தெரியமாட்டார். இப்படி மறைமுகமாக வந்தவற்றையும் சேர்த்து, கணக்கிட்ட முடிவை ‘ரோல் உறுப்பினர்’ என்ற வேறொரு பண்பில் மிட்பாயிண்ட் எழுதிவைக்கிறது. தணிக்கைக்கு வேண்டியது பின்னது. உரிமையைத் திரும்பப் பெற முயலும் நிர்வாகிக்கு வேண்டியது முன்னது, ஏனெனில் நேரடியாகக் கொடுத்ததைத்தான் நேரடியாக நீக்க முடியும். அண்மைப் பதிப்புகளில், மறைமுகமாக வந்த ஒவ்வொரு ரோலும் எந்த வழியாக வந்தது என்ற தடத்தையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். உரிமை மறுஆய்வு செய்யும் மேலாளர்களுக்கு இது பேருதவி. “இது எனக்கு எப்படி வந்தது என்றே தெரியவில்லை” என்ற பேச்சுக்கு அங்கேயே விடை கிடைக்கிறது.

யார் எதைப் பார்க்கலாம் என்பதில் மிட்பாயிண்ட் கண்டிப்பானது, அந்தக் கண்டிப்பு சரியான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. திரையில் ஒரு நெடுவரிசையை ஒளித்துவைப்பது பாதுகாப்பு ஆகாது. மிட்பாயிண்ட் அதைப் பாதுகாப்பாகக் கருதவும் இல்லை. ரோல்களில் எழுதப்படும் அனுமதி விதிகள், எந்தப் பொருள்களை, அவற்றின் எந்தப் பண்புகளைப் படிக்கலாம் என்று வரையறுக்கின்றன. ஒரு துறைத் தலைவர் பயனர் பட்டியலைத் திறந்தால், அவருடைய தேடலோடு ‘என் துறையில் இருப்பவர்கள்’ என்ற நிபந்தனையும் உள்ளேயே சேர்க்கப்பட்டு, அதற்குப் பிறகே தரவுத்தளத்துக்குப் போகிறது. பக்கத்தின் அடியில் தெரியும் மொத்த எண்ணிக்கையும் அவருக்கு அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையே. பயனரின் விவரப் பக்கமும் இப்படித்தான். படிக்க அனுமதியில்லாத பண்பு அந்தப் பக்கத்தில் உருவாவதே இல்லை, படிக்க மட்டும் அனுமதி இருந்தால் திருத்த முடியாத எழுத்தாக வருகிறது. எந்தெந்தப் பண்புகள் உண்டு என்று வரையறுக்கும் ஸ்கீமாவையும் அனுமதியையும் வைத்துப் பக்கமே தானாக உருவாவதால், புதிதாக ஒரு பண்பைச் சேர்த்தால் தனியாகப் படிவம் எழுத வேண்டியதில்லை. 2018 முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளுக்கும், இந்தியா 2023இல் இயற்றிய எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் உட்பட்டு வேலை செய்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே இதை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

கடந்தகாலத்தைக் காட்டும் ஒரு காட்சியும் இருக்கிறது. பயனரின் வரலாற்றுத் தாளில், ஒவ்வொரு மாற்றமும் யாரால், எப்போது நடந்தது என்பது மட்டுமன்றி, தேர்ந்தெடுத்த ஒரு நேரத்தில் அந்தப் பயனர் எப்படி இருந்தார் என்பதையும் மீட்டெடுத்துக் காட்டுகிறது. தணிக்கைப் பதிவில் இருக்கும் மாற்றங்களைப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போய் இதைச் செய்கிறது. தணிக்கைப் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கிறோமோ அவ்வளவு தூரம்தான் பின்னோக்கிப் போகலாம் என்பதை, பழைய பதிவுகளை அழிக்கும் துப்புரவுப் பணியின் கால அளவை முடிவு செய்யும்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2021இல் வந்த 4.4 பதிப்பில், போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கென்றே புதிதாக எழுதப்பட்ட களஞ்சியத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பட்டியல்களின் வேகத்தில் பெரிய குறை இல்லை. ஒரு பயனரின் முழுத் தரவும் ஒரே பொதியாக ஒரு நெடுவரிசையில் சேமிக்கப்படுகிறது. தேடுவதற்குத் தேவையான பண்புகள் மட்டும் தனி நெடுவரிசைகளில் இன்னொரு முறை எழுதப்படுகின்றன. பழைய சன் மென்பொருளும் ஏறத்தாழ இதே ஏற்பாட்டைக் கொண்டிருந்தது; எந்தப் பண்பு தேடத்தக்கது, எது பட்டியலில் வர வேண்டும் என்பதை அங்கே தனித்தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே நாமாகச் சேர்க்கும் பண்பைக் காட்சியில் வைத்து வடிகட்ட வேண்டுமானால், அதற்குத் தேடலை விரைவாக்கும் அட்டவணைக் குறியீடு உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. புகைப்படத்தை வழக்கமாக எடுக்காமல், கேட்டால் மட்டும் எடுத்துத் தருவதும் நல்ல முடிவு. வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நாமே எழுதும் நெடுவரிசைக் கோவைகள்தான். ஒரு நெடுவரிசையில் நேரடி மதிப்புக்குப் பதிலாக, அதைக் கணக்கிடும் ஒரு கோவையைக் குரூவி என்ற நிரல் மொழியில் எழுதி, அது ஒவ்வொரு வரிக்கும் வேறொரு பொருளைத் தேடிப் போகும்படி செய்தால், எத்தனை வரிகளோ அத்தனை தேடல்கள் நடக்கும். எழுத அனுமதிக்கும் மென்பொருள், இதன் விலை இன்னது என்று எச்சரித்திருக்கலாம்.

குறைகளில் முதன்மையானது, காட்சிகளை அமைக்கும் வழி. சில அமைப்புகளைத் திரையிலேயே செய்யலாம் என்றாலும், ஓரளவு சிக்கலான காட்சியை அமைக்கப் போனால் கடைசியில் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து திருத்துவதில்தான் வந்து முடிகிறது. நெடுவரிசையின் பாதையில் ஓர் எழுத்துப் பிசகினாலும், எங்கே பிழை என்று அறிய சர்வர் பதிவுகளைத் துழாவ நேர்கிறது. மனிதவளத் துறையைச் சேர்ந்த ஒருவர் தமக்கு வேண்டிய பட்டியலைத் தாமே அமைத்துக்கொள்ளும் நிலை இன்னும் வரவில்லை. ஆவணங்கள் ஆழமானவை, நேர்மையானவை. ஆனால் ஒரே விஷயம் பல பக்கங்களில் சிதறிக் கிடப்பதால், எங்கே தொடங்குவது என்று தெரிவதற்கே அனுபவம் வேண்டியிருக்கிறது.

நீக்கப்பட்ட கணக்குகளின் ஷேடோக்கள் உடனே அழிவதில்லை. ‘இறந்தவை’ என்ற குறியோடு சில காலம் நிற்கும். தணிக்கைக்கு இது தேவைதான். ஆயினும் அவற்றையும் காட்டும் தேர்வை யாரேனும் இயக்கிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் ஒருவருக்கு ஒரே அமைப்பில் இரண்டு கணக்குகள் இருப்பதாக எண்ணிக் கலங்குவார். இன்னும் அழுத்தமான வேறுபாட்டோடு காட்டியிருக்கலாம். இதைவிடக் கவனிக்க வேண்டியது, களஞ்சியப் பொருள்களை உள்ளது உள்ளபடியே காட்டித் திருத்தவும் விடும் பக்கம். அங்கே விதிகளைத் தவிர்த்துவிட்டு நேரடியாகவே சேமிக்க முடிகிறது. அப்படிச் சேமித்தால் கணக்கீடுகள் ஓடா, வெளி அமைப்புகளுக்கும் எதுவும் போகாது, பயனர் ஒரு நிலையிலும் கணக்கு வேறொரு நிலையிலும் நிற்கும். பிழை தேடும் பொறியாளருக்கு இந்தப் பக்கம் இன்றியமையாதது. உதவி மையப் பணியாளர்களுக்கு இதைத் திறந்துவிடவே கூடாது.

மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது; 4.8 பதிப்பின் மூல நிரல் அப்பாச்சி 2.0, ஐரோப்பிய ஒன்றியப் பொது உரிமம் ஆகிய இரண்டில் எதன்கீழும் கிடைக்கிறது. ஆதரவு வேண்டுவோர் எவால்வியத்திடம் ஆண்டுச் சந்தா பெறலாம். ஜாவாவும் எக்ஸ்எம்எல்லும் அறிந்த ஓரிருவர் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தால் இதைத் துணிந்து எடுக்கலாம். அப்படி எவரும் இல்லையென்றால், கட்டணமில்லை என்ற ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியாகாது.

தமிழ்ப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே சேமிக்க விரும்பும் நிறுவனங்களுக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. மிட்பாயிண்ட் பெயர் போன்ற பண்புகளை இரண்டு வடிவங்களில் வைத்துக்கொள்கிறது: உள்ளிட்டபடியே ஒன்று, தேடவும் ஒப்பிடவும் எளிமையாக்கப்பட்டது இன்னொன்று. இயல்பாக வரும் எளிமையாக்கும் முறை, ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளை நீக்கி, ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் இடைவெளியையும் மட்டும் விட்டுவைப்பது. ‘கயல்விழி’ என்று உள்ளிட்டால் முதல் வடிவம் அப்படியே இருக்கும். இரண்டாம் வடிவத்தில் ஓர் எழுத்தும் மிஞ்சாது. பட்டியலில் பெயர் அழகாகத் தெரியும், ஆனால் தேடல் பெட்டியில் இட்டுத் தேடினால் கயல்விழியையும் கண்ணனையும் வேறுபடுத்த அதற்கு வழியிருக்காது. புதிய களஞ்சியத்தில் பயனர்பெயரின் எளிமையாக்கிய வடிவம் ஒருவருக்கு ஒன்றாகத் தனித்திருக்க வேண்டும் என்பதால், பயனர்பெயரையே தமிழில் வைத்தால் இரண்டாவது பயனரைச் சேர்க்கும்போதே மோதல் வந்துவிடும். இதற்குத் தீர்வு மென்பொருளிலேயே இருக்கிறது: எழுத்துகளை நீக்காமல் அப்படியே விட்டுவைக்கும் முறையைக் கணினி அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம்.

கூடவே, பயனர் பட்டியலில் இயல்பாக வரும் ‘இடுபெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்ற இரண்டு நெடுவரிசைகளை எடுத்துவிட்டு முழுப்பெயரை மட்டும் வைப்பது நம் வழக்கத்துக்குப் பொருந்தும். தந்தை பெயரின் முதலெழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டு நிரப்பி, அதை வைத்து அகரவரிசைப்படுத்தும் பட்டியல்களால் யாருக்கும் பயனில்லை. நெடுவரிசைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எளிமையாக்கும் முறையை மட்டும் பயனர்களை இறக்குமதி செய்வதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால், களஞ்சியத்தில் உள்ள எல்லாப் பொருள்களையும் மறு அட்டவணை செய்யும் பணியை ஓடவிட்டு, அது முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.